பனியில் காலடி பதியுமா? ஒரு சொல்லுக்காகப் புளத்கொகுபிட்டிய வரை

போன ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு சொல்லுக்காகக் கேகாலை மாவட்டத்துக்குப் போய் வந்தேன். அருவி பார்க்கவில்லை, மலை ஏறவில்லை. புளத்கொகுபிட்டியவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணைச் சமாதானப்படுத்தப் போனேன். போன காரியம் நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை. ஆனாலும் பாதை, பஸ், கட்டணம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் என்னைப் பற்றி. கொழும்பில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். பஸ் ஜன்னலில் தெரியும் கடைப் பலகைகளில்கூட விட்டுப்போன ஒற்றெழுத்தை மனதுக்குள் போட்டுக்கொண்டே போகிற ஆள். என்னோடு பயணம் போக யாரும் விரும்புவதில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வருட ஆரம்பத்தில் ரெஜினா என்பவர் எங்களுக்கு ஒன்பது கதைகள் அனுப்பினார். எல்லாம் பழைய ஜப்பானிய மர்மக் கதைகளும் பேய்க் கதைகளும். ஜப்பானிய மொழியிலிருந்து யாரோ ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததை இவர் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார். தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி செய்து பழுதுபார்த்தபோது ஒரு பெட்டி ஆங்கிலப் புத்தகங்களைத் தூக்கிப் போடப் போனார்களாம். பிள்ளைகள் படம் பார்க்கட்டும் என்று அதைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். பெட்டிக்குள் படமே இல்லை. அட்டை கிழிந்த இந்தத் தொகுப்பு மட்டும் படிக்கும்படி இருந்தது.

எனக்கு அந்த மாதிரிக் கதைகள் மேல் ரொம்ப நாள் பைத்தியம் உண்டு. நம் ஊர்ப் பேய்க் கதையில் பேய் வந்தால் நாய் குரைக்கும், விளக்கு அணையும், யாராவது மயங்கி விழுவார்கள். இந்தக் கதைகளில் ஒன்றும் நடக்காது. விருந்தாளி வருவார், தேநீர் குடிப்பார், மரியாதையாகப் பேசுவார். எட்டாவது பக்கத்தில் அவர் கதவைத் திறக்காமலே உள்ளே வந்தது நமக்கு உறைக்கும். மர்மக் கதைகளும் அப்படித்தான். கொலை செய்தவன் தன் குற்றத்தை ஒரு நீண்ட கடிதமாக எழுதுவான். அதில் பாதி வானிலை பற்றி இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்புகள் இந்த அடக்கத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பது என் சந்தேகம். ஜப்பான்காரர் கத்தினாலும் ஆங்கிலத்தில் இருமியது போலத்தான் வரும்.

ரெஜினாவின் தமிழ் நன்றாக இருந்தது. பிரச்சினை ஐந்தாவது கதையில் வந்தது. ஆங்கிலத்தில் கதை இதுதான்: ஒரு வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு குடில். குடிலில் தங்கியிருந்த வைத்தியர் காலையில் செத்துக் கிடக்கிறார். இரவெல்லாம் பனி பெய்திருக்கிறது. பனியின் மேல் வீட்டிலிருந்து குடிலுக்குப் போன காலடிகள் இருக்கின்றன, திரும்பி வந்த காலடிகள் இல்லை. குடிலுக்குள் பிணத்தைத் தவிர யாரும் இல்லை. உள்ளே போனது பேய்தான் என்று ஊர் நடுங்குகிறது. இரண்டு நாள் கழித்துத் துப்பறிபவர் வந்து விளக்குகிறார். வாடகைக்கு இருந்த ஓவியர் பனி விழுவதற்கு முன்பே குடிலுக்குப் போய்விட்டார், கொன்றுவிட்டு, பனி நின்ற பிறகு பின்னோக்கி நடந்து வீட்டுக்கு வந்தார்.

ரெஜினாவின் பிரதியில் காலடியே இல்லை. எங்கும் பனி, யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை, கடைசியில் கொலை செய்தது ஓவியர் இல்லை, வைத்தியரின் அண்ணன். ஆங்கிலம் புரியாமல் கதையையே மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். ஆங்கிலப் பதிப்பாளர் தந்த அனுமதிக் கடிதத்தில், கதைகளில் எதையும் மாற்றக் கூடாது என்று ஒரு வரி தெளிவாகவே இருந்தது. அறுபத்து மூன்று இடங்களில் திருத்தி, பனி வந்த இடமெல்லாம் 'வெண்பனி', 'உறைபனி' என்று போட்டு, காலடிகளைத் திரும்பக் கொண்டுவந்து, ஓவியரையே கொலைகாரனாக்கி அனுப்பினேன். எனக்கு என் வேலை மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த நாள் ஒரு வரி வந்தது. "அப்படீன்னா என் பேரை எடுத்துருங்க அக்கா, கதை மட்டும் வரட்டும்." அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. புத்தகம் அடுத்த வாரக் கடைசியில் அச்சுக்குப் போக வேண்டும். திருத்தியவளே போய்ப் பேசிவிட்டு வரட்டும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை காலை 6.20க்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டி பஸ். ஏசி இல்லாதது, கேகாலை வரை 285 ரூபாய், 78 கிலோமீட்டர். இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் வெயில் அடிக்கும். கேகாலையில் இறங்கும்போது 9.25. பஸ் நிலையத்தின் பின்வரிசையில் புளத்கொகுபிட்டிய பஸ் நிற்கும், 9.50க்கு எடுத்தார்கள். கண்டக்டர் சொன்ன கணக்குப்படி 24 கிலோமீட்டர், 120 ரூபாய், ஒரு மணி ஐந்து நிமிடம். வளைவுகள் அதிகம், வயிறு சரியில்லாதவர்கள் காலைச் சாப்பாட்டைக் கேகாலையில் தவிர்த்துவிடுங்கள். நான் தவிர்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை பிடித்து வரும், உயரம் ஏற ஏற நடுநடுவே தேயிலை எட்டிப் பார்க்கும். ஜப்பானியக் கதைகளில் நடுத்தர நீளமுள்ள ஒன்று அந்த ஒரு மணி நேரத்துக்குச் சரியாக வரும் என்று நினைத்தேன். இரண்டாவது பக்கத்தில் தலை சுற்றியது.

பஜாரில் கதிரேசன் என்பவரின் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறைகள் இருக்கின்றன. ஓர் இரவு 3,500 ரூபாய், மின்விசிறி உண்டு, சுடுதண்ணீர் கிடையாது. அவருடைய தாத்தா காலத்திலிருந்து கடை நடக்கிறதாம். கல்லாவில் நின்று ஒரு வாடிக்கையாளரிடம் சிங்களம், அடுத்தவரிடம் தமிழ் என்று மூச்சு வாங்காமல் மாறிக்கொண்டிருந்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார், ஒரு சொல்லைத் திருத்த என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

தோட்டம் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். பெயரை எழுத வேண்டாம் என்று ரெஜினா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சந்தியில் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் பெயர் சுனில்.

"ஆயிரத்து இருநூறு அக்கே. பார நரகயி."

சிங்களத்தில் அதற்குப் பாதை மோசம் என்று பொருள். தமிழ்க் காதில் நரகம் என்றே விழுந்தது. பேசிப் பேசி 900க்குக் கொண்டுவந்தேன். போய்ச் சேர்ந்தபோது இரண்டு அர்த்தமும் சரிதான் என்று பட்டது. திரும்பி வரும்போதும் அதே விலை பேசிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக் காம்பரா ஒரு நீளமான ஓட்டுக் கட்டிடம், பெரட்டுக் களத்தை ஒட்டி இருக்கிறது. காலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடம்தான் பெரட்டுக் களம், ஒரு பக்கம் தகரக் கொட்டகை உண்டு. நான் போனபோது மணி 12.15, பதினான்கு பிள்ளைகளும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரெஜினாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் பால் போத்தல். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"வாங்க அக்கா. இவ்ளோ தூரம் வருவீங்கனு நெனைக்கல."

பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன். பனி என்பது இங்கே பனி அல்ல, ஆங்கிலச் சொல்லுக்கு இன்ன பொருள், அனுமதிக் கடிதத்தில் இன்ன வரி. அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார்.

"எனக்குத் தெரியும்க்கா. அது ஸ்னோதான்."

"அப்புறம் ஏன்?"

"தெரிஞ்சேதான் மாத்துனேன்."

ரப்பர் தோட்டத்து மழை நாளைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டினால் பாலை மழை கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் காலையில் மழை பெய்தால் வெட்டுக்காரர்கள் கொட்டகையில் நின்று காத்திருப்பார்கள். விட்டால் மரத்துக்கு, விடாவிட்டால் வேறு வேலைக்கு அல்லது வீட்டுக்கு. பிள்ளைகளை விட வந்த பதினொரு பெண்கள் அப்படிச் சும்மா நிற்பதைப் பார்த்து, ரெஜினா தன் கையெழுத்துப் பிரதியை வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். அது மழை நாள் பழக்கமாகிவிட்டது.

ஐந்தாவது கதையை மொழிபெயர்த்தபோது அகராதியைப் பார்த்தார். அகராதி 'பனி' என்றது. பனி என்று எழுதி, பாதிக் கதையை ஒரு மழை நாளில் வாசித்தார். இரவெல்லாம் பனி, காலையில் தோட்டம் முழுக்கப் பனி, குடிலில் வைத்தியர் பிணம், வீட்டிலிருந்தவர்களிடம் விசாரணை, அதோடு அன்று மழை விட்டுவிட்டது. அடுத்த நாலு நாளும் மழை இல்லை. அந்த நாலு நாளும் பதினொரு பேரும் மரத்துக்கு மரம் கொலைகாரனைத் தேடியிருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பனி என்றால் ஒன்றுதான். மார்கழி, தை மாதக் காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கி நிற்கிற வெள்ளைப் புகை. அதில் இரண்டு மரத்துக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது. அதனால் வரிசையின் முனைக்கு வரும்போதெல்லாம் "ஊய்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள், பக்கத்து வரிசைக்காரர் பதில் கொடுப்பார். குரல் வராவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார்கள். பாம்பாக இருக்கும், வழுக்கி விழுந்திருப்பார், ஏதோ ஒன்று. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் அவர்கள் கொலைகாரனைப் பிடித்தார்கள். கதையில் வைத்தியரின் அண்ணன், கொலை நடந்த நேரத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன் என்று சொல்கிறார். ஆனால் வீட்டில் ஒருவரும் கோடரிச் சத்தம் கேட்டதாகச் சொல்லவில்லை. பனியில் கண் ஏமாறும், காது ஏமாறாது, ஆகவே அண்ணன்தான்.

நான் முப்பது வருடமாக மர்மக் கதை படிக்கிறேன். இதைவிட ஒழுங்கான துப்பு எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

"அஞ்சாவது நாள் மழை," என்றார் ரெஜினா. "மீதியை மொழிபெயர்க்கப் போறப்பதான் காலடி வருது. அப்பதான் ஸ்னோன்னா வேற பனினு எனக்கே வெளங்குச்சு. ஆனா அவங்க எல்லாம் ஓடி வந்து 'அண்ணன்தானே, அண்ணன்தானே'னு கேக்குறாங்க. புஷ்பக்கா மொகத்தை நீங்க பாத்திருக்கணும். இல்லைனு சொல்ல வாய் வரல. அங்கேயே நின்னுகிட்டே கதையை மாத்தி வாசிச்சுட்டேன்."

"அதையே எங்களுக்கும் அனுப்பிட்டீங்க."

"புஸ்தகம் வந்தா இவங்கதான் மொதல்ல வாசிக்கச் சொல்வாங்க. அப்ப நான் ஏமாத்துனது தெரிஞ்சிரும். என் பேரு இல்லாட்டி, வேற யாரோ பண்ணுன புஸ்தகம், அதுல வேற மாதிரி இருக்குனு சொல்லிக்கலாம்ல."

கோபத்தில் அப்படி எழுதினார் என்று நான் நினைத்திருந்த பெண், வெட்கத்தில் தன் பெயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருட உழைப்பு. பிள்ளைகள் தூங்கும் ஒரு மணி நேரத்தில் தினமும் உட்கார்ந்து எழுதியது. அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்வது எனக்குச் சுலபம். பதினொரு பேரோடு தினமும் காலையில் நிற்க வேண்டியவர் அவர்.

பால் போத்தலைக் கழுவி வைத்தார். பிறகு, "நாளைக்கு மழை வந்தா சொல்றேன். வராட்டி பேரை எடுத்துருங்க," என்றார்.

நாலரை மணிக்குச் சுனிலின் வண்டியில் பஜாருக்குத் திரும்பினேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இரவுச் சாப்பாடு கதிரேசன் கடைக்கு எதிர்ப்பக்கம், இடியப்பம், சொதி, பருப்பு, 350 ரூபாய், நன்றாக இருந்தது. மழைக்குப் பேர்போன இந்தச் சபரகமுவ மாகாணத்தில் ஜூன் மாதம் மழை வேண்டும் என்று சாமி கும்பிட்ட முதல் கொழும்புக்காரி நானாகத்தான் இருப்பேன். காலை நாலேகாலுக்குக் கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டு எழுந்தேன். நல்ல மழை.

5.35க்குப் பெரட்டுக் களத்தில் இருந்தேன். கொட்டகைக்குள் பதினொரு பெண்கள், தலையில் பொலித்தீன், பக்கத்தில் பால் வாளி, வாளிக்குள் வெட்டுக் கத்தி. எட்டு மணி வரை பார்ப்போம் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார். ரெஜினா பிள்ளைகளை உள்ளே விட்டு, உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். கையில் என் திருத்தங்களோடு இருந்த மெய்ப்பு.

"இன்னைக்குப் புதுக் கதையா?" என்று கேட்டார் நடுவில் நின்றவர். அவர்தான் புஷ்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம், ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம்.

"இல்ல புஷ்பக்கா. பழைய கதைதான். நான் ஒண்ணு சொல்லணும்." மெய்ப்பைப் பிரித்தார். "அந்தக் கதையில வந்தது நம்ம பனி இல்ல. அது தரையில படியுற பனி. வெள்ளையா, முழங்கால் அளவுக்கு."

"ஹிமயா?"

"ஆமா. ஹிம."

புஷ்பம் கண்ணைச் சுருக்கினார். "ஹிமன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே வெளங்கியிருக்குமே. ஹிம வேற, மீதும வேற, பினி வேற. தரையில படியுறது, மரத்துக்கு நடுவுல நிக்கிறது, புல்லுல சொட்டுறது. சிங்களத்துல மூணுக்கும் மூணு வார்த்த." என் பக்கம் திரும்பினார். "தமிழ்ல எல்லாத்துக்கும் பனி ஒண்ணுதானா மிஸ்?"

வெண்பனி என்று ஒரு சொல் இருக்கிறது என்றேன்.

"மீதுமவும் வெள்ளதானே."

உறைபனி என்றேன். அது குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கிறது என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அறுபத்து மூன்று திருத்தங்களும் அந்தக் கொட்டகையில் இரண்டு நிமிடத்தில் கரைந்துவிட்டன.

ஆனால் புஷ்பம் சிரிக்கவில்லை. "அப்ப நாங்க கண்டுபிடிச்ச ஆளு?"

"அண்ணன் இல்ல புஷ்பக்கா. அந்த ஓவியர்."

"நீ ஆமான்னு தலையாட்டுனியே."

ரெஜினா மெய்ப்பைக் குனிந்து பார்த்தார்.

"நாலு நாளு மண்டைய ஒடைச்சுக்கிட்டோம். நீ தெரிஞ்சுகிட்டே ஆமா, அண்ணன்தான்னு வாசிச்ச. காம்பராவுல புள்ளைங்கள தாலாட்டுற மாதிரி எங்களையும் தாலாட்டுனியா?"

ரெஜினாவின் கண் நிறைந்துவிட்டது. "ஆமா," என்றார். "நீங்க சந்தோசமா இருந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரல. தப்புதான்."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. சொல்லிவிடுங்கள் என்று சுலபமாகச் சொன்னவள் நான். சிலர் வாளியைக் கையில் எடுத்தார்கள். இவர்கள் இப்படியே கலைந்துவிட்டால் இனி மழை நாளில் யாரும் இவரிடம் வந்து நிற்க மாட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும், மெய்ப்பை மடிக்க ஆரம்பித்தார்.

"எதுக்கு மடிக்கிற?" என்றார் புஷ்பம். "வாசி. உள்ளத உள்ளபடி வாசி."

ரெஜினா வாசித்தார். முதலில் குரல் எழும்பவில்லை, காலடி வரும் இடத்தில் சரியாகிவிட்டது. இருபத்தைந்து நிமிடம். ஓவியர் பின்னோக்கி நடந்த கதையைத் துப்பறிபவர் விளக்கியதோடு கதை முடிந்தது.

"பின்னாடியே நடந்தானா?" என்று கேட்டார் புஷ்பம். "எவ்ளோ தூரம்?"

"நாப்பது அடி."

"அதக் கண்டுபிடிக்க ரெண்டு நாளா?"

மழை தூறலாகியிருந்தது. புஷ்பம் இறங்கிக் களத்துச் சேற்றில் பத்தடி முன்னால் நடந்தார். பிறகு அதற்குப் பக்கத்திலேயே பத்தடி பின்னோக்கி நடந்தார். இன்னும் இரண்டு பேர் இறங்கி அதையே செய்தார்கள். நானும் இறங்கினேன். சேற்றில் செருப்பு ஒட்டிக்கொண்டு ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன், அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அந்தப் பதினொரு பேரோடு நானும் குனிந்து தடங்களைப் பார்த்தேன்.

"இங்க பாருங்க மிஸ்," என்றார் புஷ்பம். "முன்னாடி போனா குதி ஆழமா எறங்குது. பின்னாடி போனா வெரலு தோண்டுது, குதி ஒட்டவேயில்ல. எட்டும் குட்டையா இருக்கு, காலும் அகண்டு போகுது. பாத்த ஒடனே தெரியுதே. ஊரு முழுக்கப் பேய்னு பயந்து, ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தரு வந்து சொல்லணுமாக்கும்."

அந்தத் தந்திரத்தை நான் எத்தனை தடவை படித்து வியந்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் பின்னோக்கி நடந்து பார்த்ததில்லை.

"நாங்க பிடிச்ச அண்ணன்தான் சரியான ஆளு," என்றார் புஷ்பம். கால் சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டு, ரெஜினாவுக்கு நேரே போய் நின்றார். "இனிமே நீ தப்பா வாசிச்சா தப்புனு சொல்லு. கொன்னவன நாங்க கண்டுபிடிச்சுக்கிறோம்."

ரெஜினா தலையை ஆட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குள் போனார், உள்ளே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. எட்டு மணிக்குக் கங்காணி வந்து இன்றைக்கு வெட்டு இல்லை, புல் வெட்டப் போங்கள் என்றார். நான் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அதைக் கேட்பது அநாகரிகம் என்று பட்டது. சுனிலின் வண்டி வந்தது, கிளம்பினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அறை, சாப்பாடு, இரண்டு நாளும் தோட்டத்துக்குப் போய் வந்த முச்சக்கர வண்டி, போக வர பஸ், வழிச் செலவு எல்லாம் சேர்த்து எனக்கு 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. தோட்டம் பார்க்கும் இடம் அல்ல, ஆட்கள் வேலை செய்யும் இடம், தெரிந்தவர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். மே முதல் ஜூலை வரை போவதானால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள், இந்தப் பாதையில் அது விளையாட்டு இல்லை. அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரக் கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கேகாலை வழியாக வராமல் கரவனெல்ல, அவிசாவளை வழியாகவும் கொழும்புக்கு வரலாம். நான் அப்படித்தான் வந்தேன், பஸ் மாறும் நேரத்தோடு சேர்த்து நாலு மணி நேரம் ஆனது. கூட ஒரு ஜப்பானியக் கதைத் தொகுப்பை எடுத்துப் போங்கள். ஆனால் தனியாகப் படிக்காதீர்கள், யாருக்காவது பாதி வரை வாசித்துக் காட்டிவிட்டு நாலு நாள் விட்டுப் பாருங்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. ரெஜினா அகராதியை நம்பியதைப் பிழை என்று வட்டம் போட்டவள் நான். இத்தனை வருடத்தில் எத்தனையோ ரஷ்ய, ஐரோப்பியக் கதைகளில் 'பனி' என்ற சொல் என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு தடவைகூட, இதை வாசிப்பவர் கண்ணில் என்ன தெரியும் என்று நான் நின்று யோசித்ததில்லை. எழுத்துப்பிழை இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மாலை ரெஜினாவிடமிருந்து மெய்ப்பின் படங்கள் வந்தன. ஐந்தாவது கதையில் என் வெண்பனி, உறைபனி எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடியும் பனி என்றே எழுதியிருந்தார், முதல் இடத்தில் மட்டும் 'காலடி பதிகிற பனி'. கதை முடிகிற இடத்தில் ஒரு அடிக்குறிப்பு: பின்னோக்கி நடந்தால் குதிகால் பதியாது, நாங்கள் நடந்து பார்த்தோம். கதையை மாற்றாத வரை அனுமதிக் கடிதத்துக்கு இதில் ஆட்சேபம் இருக்க முடியாது.

கடைசிப் படம் தலைப்புப் பக்கம். 'தமிழில்' என்பதற்குப் பக்கத்தில் நான் வெறுமையாக விட்டிருந்த கோட்டில் தன் முழுப் பெயரையும் எழுதியிருந்தார், நீல மையில், அழுத்தி. அதற்குக் கீழே 'மெய்ப்புத் திருத்தம்' என்ற வரியில் என் பெயருக்கு முன்னால், வேறொரு கையெழுத்தில், கொஞ்சம் கோணலாக 'புஷபம்' என்று இருந்தது. ஷகரத்துக்குப் புள்ளி இல்லை. அதை மட்டும் நான் திருத்தவில்லை.